தங்கைக்கு ஒரு கடிதம்: எந்த ஆப்புக்குக் காசு கொடுக்கலாம்?

அன்புள்ள தங்கைக்கு,

ஐபேட் வாங்கியாயிற்று, கையில் இன்னும் 2,000 ரூபாய் இருக்கிறது, என்னென்ன ஆப் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கட்டடக்கலைப் படிப்புக்கு உனக்கு. பாட்டுக் கேட்கவும் தமிழ்ப் புத்தகம் படிக்கவும் சித்தப்பாவின் ஆண்ட்ராய்டு போனுக்கு. பெயர்களை மட்டும் சொல்வதென்றால் நாலு வரி போதும். ஆனால் வாங்கிய பிறகு "இது ஏன் வேலை செய்யவில்லை" என்று வரும் கேள்விகளில் பாதி, ஆப்பைப் பற்றியதாகவே இருக்காது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

எந்த ஆப்பாக இருந்தாலும் முதலில் ஒன்றைப் பார். அதன் வேலை எங்கே நடக்கிறது? உன் கையிலிருக்கும் கருவிக்குள்ளேயா, கம்பெனியின் சர்வரிலா? வரைவது, பாட்டுப் பாடவைப்பது, புத்தகம் திறப்பது எல்லாம் கருவிக்குள்ளேயே முடிகிற வேலை. நீ ஆயிரம் படம் வரைந்தாலும் கம்பெனிக்கு அதனால் மின்கட்டணம் ஏறாது. இந்த வகைக்கு ஒரே முறை விலை கொடுத்து வாங்குவதுதான் நியாயம். உன் கோப்புகளைத் தன் சர்வரில் வைத்திருப்பது, ஏஐ வேலை செய்வது மாதிரி ஆப்களுக்கு மாதாமாதம் செலவு உண்டு. அங்கே சந்தா கேட்டால் கோபப்பட முடியாது. கருவிக்குள்ளேயே முடிகிற வேலைக்கு வாரச் சந்தா கேட்கிற ஆப் என்றால் மட்டும் உடனே வெளியே வந்துவிடு. கால்குலேட்டர், க்யூஆர் ஸ்கேனர், ஜாதகம் என்று மூன்று நாள் இலவசம் காட்டி, பிறகு வாராவாரம் பணம் பிடிக்கும் இந்த வகைக்கு 2019-ல் சோஃபோஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 'ஃப்ளீஸ்வேர்' என்றே பெயர் வைத்தது. ஆட்டு ரோமத்தை ஒட்டச் சிரைப்பது என்ற பொருளில்.

ஆப் ஸ்டோர் பக்கத்தில் அடிவரைக்கும் தள்ளிப் பார்த்தால் 'இன்-ஆப் பர்ச்சேசஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் உள்ளே என்னென்ன விலைக்கு என்னென்ன விற்கிறார்கள் என்று விரியும். மேலே 'கெட்' என்று இலவசம்போல் இருப்பதன் உண்மையான விலை அங்கேதான். 'வெர்ஷன் ஹிஸ்டரி'யையும் பார். கடைசியாகப் புதுப்பித்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றால் வாங்காதே. ஒரே முறை விலை என்றால் ஆயுளுக்கும் என்று அர்த்தமில்லை. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32-பிட் என்ற பழைய முறையில் எழுதப்பட்ட ஆப்கள் அத்தனையும் ஒரே நாளில் திறக்காமல் போயின. காசு கொடுத்தவை, கொடுக்காதவை என்ற பேதமே இல்லை.

இப்போது உன் ஐபேட். முதலில் வாங்க வேண்டியது ப்ரோக்ரியேட் என்ற வரைகிற ஆப். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இருக்கிற சாவேஜ் இன்டராக்டிவ் 2011-லிருந்து தருவது. அமெரிக்க விலை 12.99 டாலர், ஒரே முறை. ரூபாய் விலை வரியோடு கடைப் பக்கத்திலேயே இருக்கும்; உன் பட்ஜெட்டுக்குள் அடங்கிவிடும். ஐபோனுக்கான ப்ரோக்ரியேட் பாக்கெட் தனி ஆப், தனி விலை. பெயர் பார்த்து வாங்கு.

ஆனால் பணம் கட்டுவதற்கு முன், ஐபேடில் வரைய நீ வைத்திருக்கும் ஆப்பிள் பென்சிலைப் பார். எந்தப் பென்சில் என்று நீ எழுதவில்லை. பின்பக்க மூடியைச் சறுக்கினால் உள்ளே யுஎஸ்பி-சி துளை தெரிகிறதா? அப்படியானால் அது 2023-ல் வந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில். அதற்கு அழுத்தம் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் புரிந்துகொள்ளும், ஆனால் அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் கோடு ஒரே மாதிரிதான் விழும். ப்ரோக்ரியேட்டில் இருக்கிற தூரிகைகளில் பெரும்பாலானவை அழுத்தத்தை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன. ஆப் கெட்டுப்போய்விட்டது என்று தோன்றினால் உண்மையான காரணம் இதுவாக இருக்கலாம். குறிப்பு எழுதுவதற்கு அந்தப் பென்சில் தாராளமாகப் போதும். நிழல் போட்டு வரைய வேண்டும் என்றால், உன்னுடையது பத்தாம் தலைமுறை ஐபேடோ ஏ16 சிப் உள்ள ஐபேடோ ஆக இருந்தால், முதல் தலைமுறைப் பென்சிலும் அதற்கான யுஎஸ்பி-சி அடாப்டரும் வாங்க வேண்டும். காசு செலவழிக்காமல் சோதித்துப் பார்க்க ஐபேடோடு வரும் நோட்ஸ் ஆப்பே போதும்: பென்சில் கருவியை எடுத்து, ஒரு கோட்டை மெல்ல ஆரம்பித்து அழுத்தி முடி. ஆரம்பமும் முடிவும் ஒரே கருமையில் இருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது தாள் அளவு. இதில்தான் கட்டடக்கலை மாணவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கல்லூரியில் ஏ1 தாள் கேட்கிறார்கள் என்று ஏ1, 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று போட்டால் 7016 × 9933 பிக்சல் ஆகும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று கணக்குப் போட்டால், ஒரு லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வரையும் படலம்) மட்டும் சுருக்காத நிலையில் ஏறத்தாழ 280 எம்பி நினைவகம் தின்னும். அதனால்தான் ப்ரோக்ரியேட் லேயர் எண்ணிக்கையைச் சுருட்டிவிடுகிறது. புதுத் தாள் திறக்கும்போது அளவைத் தட்டினால், அதிகபட்சம் எத்தனை லேயர் கிடைக்கும் என்று அங்கேயே காட்டும். அதைப் பார்க்காமல் பாதி வரைந்த பிறகு "இனி லேயர் இல்லை" என்று வந்தால் அழுகைதான். ஏ1 தாளைத் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள், 150 டிபிஐ தாராளம். ஏ1-ஐ 150-ல் போட்டால், ஏ3-ஐ 300-ல் போட்ட அதே பிக்சல் கணக்குதான் வரும். லேயர் ஒன்றுக்கு 70 எம்பி. ஆனால் சின்னதாக ஆரம்பித்துப் பிறகு பெரிதாக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. இது புள்ளிகளால் ஆன படம், பெரிதாக்கினால் கோடு மங்கும்.

அளவுகோல் வைத்துத் திட்டப்படம் வரைய ப்ரோக்ரியேட் சரிப்படாது. அதற்கு கான்செப்ட்ஸ் என்ற ஆப் இருக்கிறது. கோடுகள் புள்ளிகளாக இல்லாமல் வெக்டாராக, அதாவது கணக்கு வடிவில், இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. 1:100 என்று வைத்துக்கொண்டு கோட்டின் நீளத்தை மீட்டரில் படிக்கலாம். சந்தாவும் உண்டு, அடிப்படைக் கருவிகளை ஒரே முறை விலைக்கு வாங்கவும் வழி உண்டு. முதலில் இலவசப் பதிப்பில் பழகிப் பார். தேவை வரும்போது ஒரே முறை விலையைத் தேர்ந்தெடு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: ப்ரோக்ரியேட் படங்கள் ஐபேடுக்குள்தான் இருக்கின்றன. இடம் போதவில்லை என்று ஆப்பை நீக்கினால் படங்களும் கூடவே போகும். மாதம் ஒருமுறை கேலரியில் 'செலக்ட்' அழுத்தி, வேண்டியவற்றைத் தேர்ந்து, 'ஷேர்' போய், ப்ரோக்ரியேட் வடிவிலேயே ஃபைல்ஸில் சேமி. ஜேபெக்காக எடுத்தால் லேயர்கள் ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு பிரிக்க முடியாது.

பாடக் குறிப்புக்கு எல்லாரும் குட்நோட்ஸ் சொல்வார்கள். நல்ல ஆப்தான். 2023 ஆகஸ்டில் அதன் ஆறாம் பதிப்பு வந்தபோது ஆண்டுச் சந்தா 9.99 டாலர், ஆப்பிள் கருவிகளுக்கு மட்டுமான ஒரே முறை விலை 29.99 டாலர். உன் படிப்பு ஐந்து வருடம். சந்தா என்றால் 50 டாலர், ஒரே முறை என்றால் 30. மூன்று வருடத்துக்கு மேல் பயன்படுத்துவாய் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் இரண்டாவது லாபம். விலை மாறினாலும் இதே வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார். இப்போதைக்கு ஐபேடோடு வரும் நோட்ஸிலேயே ஒரு பருவம் ஓட்டு. பிடிஎஃப் மேல் எழுதுவது அதிலும் முடியும். அதில் எது குறை என்று உனக்கே தெரிந்த பிறகு வாங்கு. சந்தா மாற்றம் எப்படி வரும் என்பதற்கு நோட்டபிலிட்டி என்ற இன்னொரு குறிப்பு ஆப் நல்ல உதாரணம். 2021 நவம்பரில் அது சந்தாவுக்கு மாறி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் ஒரு வருடம்தான் என்றது. பயனர்கள் கொதித்தெழுந்ததும், பழைய வசதிகள் அவர்களுக்குத் தொடரும் என்று உடனே பின்வாங்கியது. எல்லாக் கம்பெனியும் பின்வாங்கும் என்று நம்பக் கூடாது. குறிப்புகளை பிடிஎஃப்பாக வெளியே எடுத்துவைக்கும் பழக்கம் இருந்தால் கவலை இல்லை.

ஸ்கேனர் ஆப்புக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். ஐபேடில் நோட்ஸும், ஆண்ட்ராய்டில் கூகிள் டிரைவும் தாளை நேராக்கி பிடிஎஃப் ஆக்கித் தருகின்றன. வீடியோ பார்க்க விஎல்சி இலவசம். தமிழ்த் தட்டச்சுக்கு ஜிபோர்டும் செல்லினமும் இருக்கின்றன. படத்தொகுப்பு தேவைப்பட்டால் லூமாஃப்யூஷன் ஒரே முறை விலைக்குக் கிடைக்கிறது, ஆனால் அது உன் பட்ஜெட்டை அப்படியே விழுங்கிவிடும், பிறகு பார்க்கலாம்.

சித்தப்பா போனுக்கு வருவோம். மெமரி கார்டில் பழைய பாட்டெல்லாம் எம்பி3-யாக வைத்திருப்பதால் அவருக்கு பவர்ஆம்ப் என்ற பாட்டு ஆப் பொருந்தும். முதலில் சோதனைப் பதிப்பைப் போட்டுவிடு. பிடித்திருந்தால் பிறகு, முழுப் பதிப்பாக மாற்றும் 'அன்லாக்கர்' வாங்க வேண்டும். அன்லாக்கர் தனி ஆப்பாக இறங்கும், ஆனால் பாடுவது பழைய ஆப்தான். இரண்டு ஐகான் எதற்கு என்று அவர் பழையதை நீக்கிவிடாமல் சொல்லிவை. பாடல் பெயர்கள் கட்டம் கட்டமாகவோ கிறுக்கல் எழுத்தாகவோ தெரிந்தால் அது ஆப்பின் தவறு இல்லை. பழைய எம்பி3-கள் பலவற்றில் பெயர்க் குறிப்பு யூனிகோடில் (இன்று எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் எழுத்து முறையில்) இல்லை. 'ஃபோல்டர்ஸ்' என்ற பார்வைக்கு மாற்றினால் அவர் பிரித்துவைத்த ஃபோல்டர்கள் அப்படியே வரும். திரை அணைந்ததும் பாட்டு நின்றால், செட்டிங்ஸில் ஆப்ஸ், பவர்ஆம்ப், பேட்டரி என்று போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிடு. சில கம்பெனி போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னணி ஆப்களைக் கழுத்தை நெரித்துவிடும்.

படிக்க மூன்+ ரீடர். இலவசப் பதிப்பை ஒரு மாதம் கொடு, விளம்பரம் தொல்லை என்றால் ப்ரோ வாங்கலாம். புத்தகம் மதுரைத் திட்டத்திலும் ஃப்ரீ தமிழ் இபுக்ஸிலும் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கிறது; இபப் என்ற மின்னூல் வடிவம் இருந்தால் பிடிஎஃப் எடுக்காமல் அதையே எடு, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும். ஒரு சின்ன விஷயம்: இருபக்கமும் சீராக அமைக்கும் 'ஜஸ்டிஃபை'யை அணைத்துவிடு. தமிழ்ச் சொற்கள் நீளம், போன் திரை குறுகல். ஒரு வரியில் மூன்றே சொல் வந்து, நடுவில் ஆறு ஓடுகிற மாதிரி வெள்ளை இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் கண் வலிக்காது. பழைய பிடிஎஃப்பில் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை என்று சித்தப்பா சொன்னால், அது பாமினி மாதிரி, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கலாம். எவ்வளவு விலை கொடுத்து பிடிஎஃப் ஆப் வாங்கினாலும் அதில் தேட முடியாது. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கணினியில் கூகிள் டிரைவில் ஏற்றி 'கூகிள் டாக்ஸ்' கொண்டு திறந்தால் எழுத்தை அடையாளம் கண்டு யூனிகோடாகத் தரும்; பிழை இருக்கும், ஆனால் செலவில்லை.

'மாட் ஏபிகே' என்று, யாரோ உடைத்து மாற்றிய ஆப் கோப்பை இலவசமாக யாராவது அனுப்பினால் அந்தப் போனில் ஏற்றாதே. அதே போனில்தான் அவருடைய வங்கிக் கணக்கும் ஓடிபியும் இருக்கின்றன.

பணம் கட்டும் விதம். ஆப்பிள் கணக்கில் 'ஆட் ஃபண்ட்ஸ்' மூலம் யுபிஐயில் ஐபேட் ஆப்புக்குத் தேவையான அளவு மட்டும் போட்டுக்கொள். ஒரே முறை வாங்குவது எல்லாம் அந்த இருப்பிலிருந்தே கழியும். யுபிஐயில் பணம் கட்டும்படி வைத்துச் சந்தா எடுத்தால், தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபே உருவாகும். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் உன் அனுமதி கேட்காது, அதனால் அந்தத் தகவலைப் படிக்காமல் தள்ளாதே. ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ஐபேடில் செட்டிங்ஸ், மேலே உன் பெயர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்று போய் 'கேன்சல்' கொடு. இலவசச் சோதனைக் காலம் என்றால் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே செய்துவிட வேண்டும். கடைசி நாள் மாலை செய்தால் ஒரு தவணை போய்விடலாம்.

ப்ளே ஸ்டோரில் வாங்கிய ஆப் பிடிக்கவில்லை என்றால் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஒரு ஆப்புக்கு ஒரே வாய்ப்பு. திருப்பிக் கொடுத்த அதே ஆப்பை மறுபடி வாங்கினால் இரண்டாவது முறை கிடைக்காது. அதனால் வாங்கிய அன்றே மெமரி கார்டு, ஹெட்போன், தமிழ் எழுத்து எல்லாவற்றையும் சோதித்துவிடு.

கடைசியாக, வாங்குவதற்கு முன் சித்தப்பா போனில் ப்ளே ஸ்டோரைத் திறந்து மேலே வலது மூலையிலுள்ள வட்டத்தைத் தொட்டு எந்த மின்னஞ்சல் என்று பார். கடைக்காரர் போட்டுக்கொடுத்த கணக்காகவோ பாஸ்வேர்டு மறந்துபோன கணக்காகவோ இருந்தால், முதலில் அவருடைய சொந்தக் கணக்கை ஏற்றி அதில் வாங்கு. ஒரு கணக்கில் வாங்கியதை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. பென்சில் எந்த வகை என்று பார்த்துவிட்டு எழுது, அதற்குப் பிறகு ப்ரோக்ரியேட் வாங்கலாம்.

அன்புடன்,
அண்ணன்