ஏற்றத்தில் நின்ற கார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய சொகுசு கார்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளிப் பூச்சு, தோல் இருக்கை, பித்தளை விளக்கு, யார் யார் வாங்கினார்கள் என்று இரண்டு பக்கம், ஆனால் கியர்பாக்ஸ், கிளட்ச் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு நிஜமாகவே வருத்தம், ஏனென்றால் அந்தக் காலத்தில் பாடி கட்டித் தந்தது பெரும்பாலும் வேறு பட்டறைக்காரர்கள். கார் நிறுவனம் தானே செய்து தன் பெயரைப் பணயம் வைத்தது அடியில் இருந்த சேஸியிலும் இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும்தான்.

ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். முதலில் அதற்கு 4 கியர். நான்காவது ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போதும் பல்சக்கரங்கள் வழியாகத்தான் இழுவை போகும், சத்தம் கேட்கும். சத்தமே கூடாது என்று காசு கொடுத்தவர்கள் அதைப் பொறுப்பார்களா? 1909இல் அதை எடுத்துவிட்டு 3 கியர் ஆக்கினார்கள். கடைசி கியரான டாப் கியரில் இன்ஜின் சுற்று கியர்பாக்ஸின் பல்சக்கரங்கள் வழியாகப் போகாமல் நேராகப் பின்சக்கரப் பக்கம் போய்விடும், சத்தம் அடங்கியது. 1911இல் லண்டனிலிருந்து எடின்பரோ போய்த் திரும்பும் தூரம் முழுக்க டாப் கியரிலேயே ஓட்டிக் காட்டினார்கள், கேலனுக்கு 24.32 மைல் கொடுத்தது, அதே கார் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 78.26 மைல் தொட்டது. கியர் மாற்றவே வேண்டாத கார் என்று பெருமை.

அடுத்த வருடமே அந்தப் பெருமை மலையில் மாட்டிக்கொண்டது. ஆல்ப்ஸ் மலைகளில் நடந்த 1912 ஆல்பைன் பந்தயத்தில் ஜேம்ஸ் ராட்லி தன் சொந்த சில்வர் கோஸ்ட்டோடு இறங்கினார். ஆஸ்திரியாவின் காட்ஷ்பெர்க் கணவாய் ஏற்றத்தில் வண்டி திணறி நின்றுவிட்டது, உள்ளே இருந்த இரண்டு பேர் இறங்கிய பிறகுதான் ஏறியது. இன்ஜினில் குறை இல்லை, அந்த ஏற்றத்துக்கு முதல் கியர் போதவில்லை, அவ்வளவுதான். நிறுவனம் சாக்குச் சொல்லாமல் நான்கு கியர் பெட்டியைப் புதிதாகச் செய்தது. இந்த முறை டாப் கியர் நேரடி, முதல் கியர் நல்ல இழுவையுள்ளது. 1913இல் அதே மலைகளுக்குத் திரும்பிப் போய் அருமையாக ஏறினார்கள். என்னைக் கேட்டால் 1907இல் சில்வர் கோஸ்ட் 14,371 மைல் பழுதாகி நிற்காமல் ஓடியதைவிட, நின்ற இடத்துக்கே திரும்பிப் போன இந்தக் கதைதான் பெரிசு.

அப்புறம் கிளட்ச், இன்ஜினைக் கியர்பாக்ஸோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பாகம். அன்றைய கார்கள் பலவற்றில் அது, இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் குழிவுக்குள் போய் உட்காரும் ஒரு கூம்பு, அதன் மேல் தோல் போர்த்தியிருக்கும். தோல் காய்ந்தால் கிளட்ச் வெடுக்கென்று பிடித்து வண்டியைத் தூக்கிப் போடும். எண்ணெய் பட்டால் வழுக்கும். அதனால் டிரைவர்கள் ஒரு நாள் தோலுக்கு எண்ணெய் தடவுவார்கள், இன்னொரு நாள் எண்ணெயை உறிஞ்சக் களிமண் தூள் போடுவார்கள். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்புவதுதான் அந்தத் தோலுக்கு உண்மையான பரீட்சை.

நான் ஓட்டக் கற்றதே சிங்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது சக்கரங்களின் வேகத்தைத் தானே சமமாக்கும் அமைப்பு) இல்லாத ஒரு பழைய லாரியில். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துக் கீழ் கியர் போட வேண்டும். சுற்று பொருந்தினால் லிவர் தானாக இழுத்துக்கொண்டு விழும், கொஞ்சம் பிசகினால் கரகரவென்று கத்தி உள்ளங்கை வரை அதிரும். இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் ஏர்ல் தாம்சன். அவருடைய சிங்க்ரோமெஷ் 1928இல் கேடிலாக்கில் வந்தது, 1932இல் ரோல்ஸ் ராய்ஸும் மேல் இரண்டு கியர்களுக்கு அதைப் போட்டது. பல் கோக்கும் முன் சின்னக் கூம்புகள் உரசி வேகத்தைச் சமமாக்கும். கிளட்ச்சில் அத்தனை பாடு படுத்திய அதே கூம்புதான், கியர்பாக்ஸுக்குள் போய் டிரைவரின் வேலையைச் செய்தது!

அடுத்த முறை பழைய கார் பற்றி எழுதும்போது, வெட்டித் திறந்த கியர்பாக்ஸ் படம் ஒன்றாவது போடுங்கள். விளக்குப் படம் ஒன்றைக் குறைத்தால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு நீண்ட நாள் வாசகர்