கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும்: வேட்டை நாய் வளர்க்கும் வேலூர்த் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமெல்லாம் இப்போது தெருவுக்கு ஒரு கன்னியோ சிப்பிப்பாறையோ நிற்கிறது. விருதுநகர், தூத்துக்குடிச் சீமையின் நாய்களைத் தேடிப் பிடித்து வாங்கி வந்து வளர்க்கிறீர்கள். நாட்டு இனத்தின் மேல் உங்களுக்கு இவ்வளவு ஆசை வந்ததில் எனக்கு மனதார சந்தோஷம். ஆனால் குட்டிக்குக் கால் நீண்டவுடனே முயல் விரட்டப் பழக்குகிறேன் என்று மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. விரட்டுவது, கண்ணி வைப்பது, பிடிக்கப் பார்ப்பது எல்லாமே வேட்டைதான். முயல் தப்பித்துப் போய்விட்டது, நாய் சும்மா துரத்தியது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஜெயிலும் உண்டு, அபராதமும் உண்டு, போன வண்டியும் பறிமுதலாகும். சரி, இது உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. விரட்ட நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை, அது பிறக்கும்போதே அதனிடம் இருக்கிறது. திரும்பி வரக் கற்றுக்கொடுங்கள். அது அதனிடம் இல்லை.

கன்னி, சிப்பிப்பாறை இரண்டும் கண்ணால் பார்த்து ஓடுகிற நாய்கள். அசைகிற ஒன்றின் மேல் பார்வை விழுந்துவிட்டால் அப்புறம் காது வேலை செய்யாது. நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். எதை நோக்கி ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்துக் கொல்லைகளில் கைப்பிடிச் சுவரே இல்லாத கிணறுகள் இருக்கின்றன. பன்றிக்குப் பயந்து திருட்டுத்தனமாகக் கரண்ட் விட்ட கம்பி வேலி இருக்கலாம். தீனிக்குள் மறைத்து வைத்த, கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காய் இருக்கலாம். வாசனைக்குப் போய்க் கடித்த நாயின் தாடை என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேரணாம்பட்டு, குடியாத்தம் எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயம். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. இத்தனைக்கும் நடுவில் நாயைக் காப்பாற்றப் போவது உங்கள் குரல் ஒன்றுதான்.

அந்தக் குரலுக்கு எப்படிப் பழக்குவது? இரண்டு, மூன்று மாதக் குட்டியிலேயே தொடங்க வேண்டும். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லால் கூப்பிடுங்கள். பெயரோ, விசிலோ, 'வா'வோ, எதுவானாலும் சரி. ஆனால் வீட்டில் எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். அப்பா ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி கூப்பிட்டால் குட்டி குழம்பிவிடும். வீட்டுக்குள் வரப் பழகியபின் வெளியே, நீளமான கயிற்றில். பதினைந்து, இருபது அடிக் கயிறு தரையில் இழுபடட்டும். கோழியைப் பார்த்து நின்றால் கூப்பிடுங்கள். வரவில்லையா, கயிற்றை மெதுவாகச் சுருட்டிக் கொண்டுவந்து, வந்ததும் ஒரு துண்டுக் கறியோ முட்டையோ கொடுங்கள், தடவிக் கொடுங்கள். கயிறு இல்லாமல் விடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அவசரப்படாதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஓடிப்போய் அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்த நாயை அடிக்காதீர்கள். ஓடியதற்கு அடி விழுந்தது என்று அதற்குப் புரியாது. வந்ததற்கு அடி விழுந்தது என்றுதான் புரியும். அடுத்த முறை வராது.

கழுத்துப் பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நாய்களுக்குத் தலை கழுத்தைவிடக் குறுகல், சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்தே கழற்றிவிடும். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் மெத்தென்ற தோல் பட்டை வேண்டும். தோலுக்குப் பேர்போன பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் அளவு சொன்னால் தைத்துத் தர மாட்டார்களா? அப்படியிருக்க மாட்டுச் சங்கிலியைக் கழுத்தில் சுற்றி, முடி கொட்டிப் புண்ணாகிக் கிடக்கிற நாய்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அளவுக்கு மீறிக் குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படியும் குற்றம்.

அப்புறம் நம் ஊர் வெயில். மே மாதத்தில் வேலூர் நாற்பது டிகிரியைத் தாண்டும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்கும். விடியற்காலையில் ஓடவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அது களைப்பு இல்லை, ஆபத்து. நிழலில் படுக்கவைத்து வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரச் சாக்கைப் போட்டு மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். அப்படியே டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

பாலாற்றுப் படுகையில் ஓடிய நாய் என்றால் வீட்டுக்கு வந்ததும் நாலு காலையும் மடியில் வைத்து விரலிடுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். சீமைக்கருவேல முள் நுனி ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால் மேலே சின்னக் கரும்புள்ளிதான் தெரியும், அமுக்கினால் காலை வெடுக்கென்று இழுக்கும். அப்படியே காதுக்குள்ளும் அக்குளிலும் உண்ணி பாருங்கள். உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்துப்போகும், சில நாய்க்கு மூக்கில் ரத்தம் வரும். சாப்பிட்ட வயிற்றோடு ஓடவிட வேண்டாம், மார்பு ஆழமான நாய்க்கு வயிறு ஊதித் திருகிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு வருடா வருடம். காட்டோரம் போகிற நாய்க்கு டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்க்கான ஊசி போடாவிட்டால் நரிக்கும் அந்த நோய் தொற்றும்.

வேட்டையாடாத வேட்டை நாய்க்கு என்ன மரியாதை என்று கேட்கிறவர்கள் உங்களில் உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கச் சண்டையிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் நம் மாவட்டத்தில் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை அது, காவலுக்காகக் கிடைத்தது. ஆட்டுப் பட்டியிலும் நிலக்கடலைக் கொல்லையிலும் எஜமானோடு நின்று காக்கிற வேலை இன்றைக்கும் உங்கள் நாய்களுக்கு இருக்கிறது.

ஓட்டமும் வேண்டும், மறுக்கவில்லை. அறுவடை முடிந்த கொல்லையிலோ வறண்ட ஏரியிலோ, முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் பொறுக்கிவிட்டு, கயிற்று நுனியில் வெள்ளைத் துணி கட்டி வளைத்து வளைத்து இழுங்கள். உயிரைத் துரத்துகிற அதே வேகத்தில் துரத்தும். ஓட்டம் முடிந்ததும் கூப்பிட்டுப் பாருங்கள், யார் நாய் முதலில் வருகிறது என்று அதற்கே ஒரு போட்டி வையுங்கள். பரிசைத் துணி பிடித்த நாய்க்குக் கொடுக்காமல், கூப்பிட்டதும் வந்த நாய்க்குக் கொடுங்கள். எந்த ஊரில் நடத்தினாலும் சொல்லி அனுப்புங்கள், நானும் என் நாயோடு வருகிறேன்.

அன்புடன்,
ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து உங்களில் ஒருவன்