டபுள் காலம் (column) சரியாயிட்டு மக்கா

மக்கா,

சுகமா? அம்மைக்கு முட்டுவலி எப்படி இருக்கு? இங்க களியக்காவிளையில இடவப்பாதி மழை விடவே இல்ல, ரப்பர் பால்வெட்டும் நின்னுட்டு, அதனால நீ அனுப்புன நாஞ்சில் சொல்லடைவு லேடெக் ஃபைலை (புத்தகம் அச்சுக்கோக்குற டெக் மென்பொருளுக்கு எழுதுன ஃபைலு) வெப் பக்கமா, எச்டிஎம்எல்லா மாத்துற வேலையோடதான் ரெண்டு நாளும் இருந்தேன்.

பிடிஎஃப்ல டபுள் காலம், அதாவது ஒரே பக்கத்துல எழுத்து ரெண்டு வரிசையா பிரிஞ்சு இறங்குறது, கண்ணுக்கு அழகா இருக்கு, எச்டிஎம்எல்ல அதையே கொண்டுவர முதல்ல ரெண்டு கட்டம் வச்ச டேபிள் போட்டேன், அது தப்பு மக்கா, போன்ல பாத்தா எழுத்தெல்லாம் நசுங்கிப் போச்சு. பிறகு லேடெக்கை எச்டிஎம்எல்லா மாத்துற மேக்4எச்டியோட கான்ஃபிக் ஃபைல்ல, காலம் பிரிக்கிற மல்டிகால்ஸை ஒரு டிவ்வா (எச்டிஎம்எல் பெட்டி) மாத்தி, பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற சிஎஸ்எஸ்ல காலம்-கவுண்ட் (எத்தனை காலம்னு) குடுக்காம காலம்-விட்த் (ஒரு காலத்தோட அகலம்) 16 எம்னு, அதாவது எழுத்தோட அளவை வச்சு, குடுத்தேன். இப்ப கம்ப்யூட்டர்ல ரெண்டு மூணா விரியுது, போன்ல ஒண்ணா ஒதுங்கிக்கிடுது, உன் டெக் ஃபைல்ல ஒரு எழுத்துகூட தொடல. ஒரு சொல்லு பாதி இங்கயும் அதோட பொருளு அடுத்த காலத்துலயும் போய் நிக்காம இருக்க, நடுவுல உடைக்காதேன்னு சொல்ற பிரேக்-இன்சைட் அவாய்ட் போட்டிருக்கேன்.

ஆனா முன்னுரையை ஒரே காலமா ஆக்கிட்டேன், கோவப்படாத. பேப்பர்ல பக்கம் ஒரு அளவுல முடியும், வெப்ல முடியாதே, நீளமா வாசிக்கிறவன் முதல் காலத்தோட அடிவரைக்கும் போயிட்டு திரும்ப மேல ஏறி வரணும், அது வாசிக்கிறவனுக்குச் செய்ற கொடுமை. தமிழும் மலையாளமும் பக்கத்து பக்கத்துல வர்ற பகுதி வேற கேஸு, அது ஒழுகி வர்ற காலம் இல்ல, ஜோடி ஜோடியா நிக்கணும், அதுக்கு சிஎஸ்எஸ்ல கட்டம் கட்டமா அடுக்குற கிரிட்.

ஒண்ணு கேட்டியா, மேக்4எச்டிக்கு உள்ள ஓடுற இந்த டெக்4எச்டியை உண்டாக்குன ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி ஐட்டன் குராரி 2009ல இறந்த பிறகு, அதைப் பொறுப்பெடுத்தவங்கள்ல ஒருத்தர் நம்ம திருவனந்தபுரத்து சி.வி. ராதாகிருஷ்ணன், கார்ல் பெரி கூட. டெக் பயன்படுத்துறவங்க சங்கமான டெக் யூசர்ஸ் குரூப்போட மாநாடே 2002லயும் 2011லயும் அங்க நடந்திருக்கு, ஒரு பஸ்ஸு தூரம், நமக்கு அன்னைக்கு ஒண்ணும் தெரியல்லியே, அதை நினைச்சா இப்பவும் மனசு கிடந்து அடிக்குது.

‘க’ வரிசையில கொல்லாம்பழம் விட்டுப்போயிருக்கு, மரச்சீனிக்கு மலையாளத்துல கப்பைன்னும் சேத்துக்கோ. திருத்தி ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு, நான் திரும்ப ஓட்டிப் பாக்கேன்.