தச்சர் ரிச்சர்டு டேலுக்கு ஒரு கடிதம்

ஐயா,

இங்கிலாந்தின் செஷயரில், காங்கிள்டன் ஊருக்குத் தென்மேற்கே, அகழி சூழ நீங்கள் வேலை பார்த்த வீடு இன்னும் நிற்கிறது. நிமிர்ந்து நிற்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

லிட்டில் மோர்ட்டன் ஹாலின் முற்றத்தில், உங்கள் இரண்டு ஜன்னல்களுக்கு முன் வெகுநேரம் நின்றேன். இரண்டு தளங்களுக்கும் சேர்த்துச் சுவரைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு, உச்சியில் ஒன்றையொன்று முட்டிக்கொள்வதுபோல் நிற்கின்றன. 1559-இல் வில்லியம் மோர்ட்டன் செய்வித்தவை என்று மரத்தில் செதுக்கியிருக்கிறது. கூடவே, இறையருளால் இவற்றைச் செய்தவர் தச்சர் ரிச்சர்டு டேல் என்றும்! வீட்டுக்காரர் பெயரோடு வேலைக்காரர் பெயரும். 'கார்பெண்டர்' என்பது 'கார்பெடர்' ஆகியிருக்கிறது. அதனால் என்ன, மரம் இழைக்கத் தெரிந்த கைக்கு எழுத்து ஒன்று குறைந்தால் குற்றமில்லை.

என் வழக்கு வேறு. தென்புறக் கட்டின் தலைமேல், சுமார் 68 அடி நீளத்துக்கு ஒரு நெடுங்கூடத்தை ஏற்றிவைத்தார்களே, அது யாருடைய யோசனை? மழைக்காலத்தில் உள்ளேயே நடை பழகவும் விளையாடவும் இடம் வேண்டும் என்றார்களாம். பலகைகளுக்குப் பின்னால் பழைய டென்னிஸ் பந்துகள் கிடைத்திருப்பதால் நம்பலாம். ஆனால் கூரைக்கு ஓடு போடாமல் கனத்த கற்பலகைகளை அடுக்கியிருக்கிறார்கள். கீழே இருப்பதோ ஓக் மரச்சட்டமும், குச்சிப் படலில் அப்பிய களிமண்ணும். பாரம் தாங்காமல் சட்டங்கள் வளைந்தன. தரை அலைபோல் ஏறி இறங்குகிறது.

விழவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. துளையில் கழுந்தைச் செருகி மர ஆணி அடித்த மூட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொடுத்திருக்கின்றன. வறுமையும் ஒரு கை கொடுத்தது. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற மோர்ட்டன் குடும்பம் நொடித்துப்போனது. வீடு குத்தகை விவசாயிகளிடம் போனது. இடித்துப் புதுப்பாணியில் கட்ட யாரிடமும் காசில்லை. 1892-இல் வீட்டுக்கு உரிமையாளரான எலிசபெத் மோர்ட்டன் என்ற கன்னியாஸ்திரீ நெடுங்கூடத்துக்கு எஃகுக் கம்பிகள் கொடுத்து இறுக்கியிருக்கலாம் என்கிறார்கள். 1938 முதல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. சட்டப்படி முதல் தரப் பாதுகாப்பும் உண்டு. ஆகவே இனி ஒருவரும் அந்தக் கோணலை நிமிர்த்த மாட்டார்கள்.

இன்னொன்று சொன்னால் கோபப்படுவீர்கள். உங்கள் ஓக் சட்டங்களுக்குப் பிற்காலத்தில் கறுப்புப் பூசிவிட்டார்கள். ஊர் முழுக்க அதையே உங்கள் காலத்துப் பாணி என்று நம்புகிறது.

ஜன்னல் வேலை முடிந்த சில ஆண்டுகளிலேயே அந்தக் கற்களை மேலே ஏற்றினார்கள். அப்போது நீங்கள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தீர்களா? பார்த்தும் வாயைத் திறக்கவில்லையா?

இப்படிக்கு,
உங்கள் ஜன்னலடியில் கழுத்து வலிக்க நின்ற ஒருவன்