கையெழுத்திடும் முன்

அன்புள்ள செழியனுக்கு,

அப்பா எழுதுவது. நவம்பரில் மீண்டும் கலப்புத் தற்காப்புக் கலைச் (எம்.எம்.ஏ.) சண்டைக்காகக் கூண்டுக்குள் இறங்கப் போவதாக நீ சொன்னபோது தொலைபேசியில் நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் கோபமாகத்தான் வந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு வயதிலும் உன் கையில் வலு குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வலு கடைசியில்தான் போகும். எதிராளியின் தோள் அசைவதைக் கண் காண்பதற்கும் தலை விலகுவதற்கும் இடையிலுள்ள இமைப்பொழுதுதான் முதலில் நீளத் தொடங்குகிறது. அதன்பின், முன்பு தாங்கிய அடியைத் தாடை தாங்குவதில்லை. சென்ற ஆண்டு உன்னை இருமுறை வீழ்த்திய குத்துகள், இருபத்தைந்து வயதில் நீ சிரித்துக்கொண்டே வாங்கியவற்றைவிடப் பெரியவை அல்ல.

உன் கட்டிலுக்கு மேல் படம் ஒட்டியிருந்தாயே, அமெரிக்க வீரர் சக் லிடெல், அவரையே எடுத்துக்கொள். 2005இல் யு.எப்.சி. என்ற கூண்டுச்சண்டை அமைப்பின் லைட் ஹெவிவெயிட் எடைப்பிரிவுப் பட்டம் வென்றவர், 2007இல் அதை இழந்தார். 2010 ஜூனில் வான்கூவரில் ரிச் பிராங்க்ளினுடன் மோதியபோது நல்ல உடற்கட்டோடுதான் வந்திருந்தார். அவருடைய உதையைத் தடுத்ததில் பிராங்க்ளினின் கை எலும்பே முறிந்தது. ஆயினும், முதல் சுற்று முடியச் சில நொடிகளே இருந்த நிலையில், கை முறிந்த அந்த மனிதரின் ஒரே குத்தில் லிடெல் நினைவிழந்து சாய்ந்தார். அது அவருக்குத் தொடர்ந்து மூன்றாவது நாக் அவுட் தோல்வி. அத்துடன் ஓய்வு பெற்றவர், 2018இல் 48 வயதில் டிட்டோ ஓர்ட்டிஸுக்கு எதிராகத் திரும்பி வந்தார். முன்பு தாமே இருமுறை வீழ்த்திய அந்த ஆளிடம் முதல் சுற்றிலேயே விழுந்ததை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

க்ளோவர் டெய்ஷெய்ரா 42 வயதில் அதே யு.எப்.சி. பட்டம் வென்றாரே என்பாய். உண்மைதான். அவர் எதிராளியைத் தரையில் கிடத்திக் கழுத்தை நெரித்து வென்றவர். நீயோ நின்று குத்துபவன். மல்யுத்தப் பிடிகளில் உனக்குப் பொறுமை இருந்ததே இல்லை. முப்பத்திரண்டு வயதில், தோல்வியே காணாமல் ஒதுங்கிய யு.எப்.சி. சாம்பியன் கபீப்பையும் உனக்கு உதாரணமாகக் காட்ட மாட்டேன். பட்டத்தோடு நிறுத்துவது வேறு, தோற்ற கசப்போடு நிறுத்துவது வேறு என்பது எனக்குத் தெரியும்.

லாஸ் வேகாஸில் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 2011 முதல் சண்டை வீரர்களின் மூளையைத் தொடர்ந்து படமெடுத்து ஆராய்கிறார்கள். அதிகப் போட்டிகள் ஆடியவர்களுக்கு மூளையின் சில பகுதிகள் சிறுத்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். நான் இதைத் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. பொங்கலுக்கு வந்திருந்தபோது, கிணற்று மோட்டாரை எப்போது மாற்றினோம் என்று ஒரு மணி நேரத்துக்குள் இருமுறை கேட்டாய். இரண்டாவது முறையும் முதன்முறை கேட்பவன் போலவே கேட்டாய். உன் அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் அவளிடம் சொல்லவில்லை.

சண்டை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, மூளைப் படமும் நினைவாற்றல் சோதனையும் எடுத்துக்கொள். உன்னோடு பயிற்சிக் களத்தில் மோதும் பையன்களிடம், உன் தலை இப்போது எவ்வளவு எளிதாக அவர்கள் கைக்கு எட்டுகிறது என்று கேள். பயிற்சியாளர் மூலமாகக் கேட்டால் உண்மை வரும். செலவுக்கு நான் பணம் அனுப்புகிறேன். முடிவுகளை என் பெயருக்கு அனுப்பு, வீட்டு முகவரிக்கு வேண்டாம்; தபால் நிலையத்தில் நானே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா