கோமதிக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் கோமதிக்கு,

நலம், நலமறிய ஆவல். சித்திரை விசுவுக்கு வந்து போனதிலிருந்து வாரம் இரண்டு முறை அம்மாவோடு பேசுகிறாய் என்பது தெரியும். போனை நான் எடுத்தால் மட்டும் சிக்னல் போய்விடுகிறது. அதைப் பற்றி எழுதவில்லை. அம்மாவின் காலைப் பற்றி எழுதுகிறேன்.

மூச்சைப் பற்றி அல்ல, காலைப் பற்றித்தான். திருநெல்வேலி டாக்டர் இந்த முறை இன்ஹேலரை மாற்றவில்லை. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி, 30 மீட்டர் வராந்தாவில் ஆறு நிமிடம் நடந்து திரும்பச் சொன்னார். 210 மீட்டரில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டதற்கு, "அதுக்கு முன்னாடி தொடை கடுக்குது" என்றாள். அம்மாவுக்கு இருக்கும் இந்த நுரையீரல் அடைப்பு நோய் வந்தவர்கள் மூச்சு இளைக்குமோ என்று பயந்து நடையைக் குறைத்துக்கொள்ள, நடக்காத தொடையின் சதை வற்றிப்போய், வற்றிய சதை சிறிய வேலைக்கே களைத்து அமிலத்தைச் சேர்த்துவிட, அதற்கு ஈடுகொடுக்க நுரையீரல் இன்னும் வேகமாக இயங்க வேண்டியிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். போன வருடம் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்ததும், அப்போது விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்து சதையைக் கரைத்திருக்கின்றனவாம்.

விசு அன்று நீ சொன்னதும் இதுதான். தண்ணீர்ச் செம்பைக்கூட நானே நீட்டி, சாய்வு நாற்காலியை விட்டு அவளை எழவிடாமல் முடக்குகிறேன் என்றாய். எனக்குப் பாடம் எடுக்காதே என்று கத்தினேன். முப்பத்தெட்டு வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவனுக்குக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் இல்லாமல் போயிற்று. இருந்தாலும், பெரியப்பா உட்கார்ந்திருக்கும்போது நீ அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

எட்டு வாரப் பயிற்சியில் இது ஐந்தாவது வாரம். கையை மார்போடு கட்டிக்கொண்டு, பிடிமானம் இல்லாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். முதல் நாள் நான்கு, இன்று பதினொன்று. உன் பழைய பாவாடைத் துணியில் அரைக் கிலோ மணலை வைத்துத் தைத்து, கணுக்காலில் கட்டி, காலை நீட்டி மடக்குகிறாள். வெள்ளி, செவ்வாய் தவிர தினமும் இரண்டு முட்டை. நுரையீரலில் போனது போனதுதான், ஊதிப் பார்க்கும் சோதனையில் பெரிதாக எதுவும் மாறாது, ஆனால் அதே நுரையீரலை வைத்துக்கொண்டு கூடுதல் தூரம் போகலாம் என்றார் டாக்டர். நேற்று யாரும் சொல்லாமல் தானே தலை சீவி, நான்கு வீடு தள்ளியிருக்கும் கனி அத்தையிடம் போய் ஒரு மணி நேரம் வம்பளந்துவிட்டு வந்தாள். ஒரு வருடமாக நான் பார்க்காத முகம் அது.

நீயும் உட்கார்ந்த இடத்திலேயே பத்து மணி நேரம் வேலை பார்க்கிறாய். மணிக்கு ஒரு தரம் எழுந்து நட. உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததைக் கோவில்பட்டி வரை சொல்லிவிட்டேன், உன்னிடம்தான் சொல்லவில்லை. எழுந்து நட, அம்மா.

இன்னொன்று சொல்ல வேண்டும். நடக்கும்போது மூச்சை மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி வெளியே விட வேண்டும். மற்றவர்களுக்கு அது பிடிபடச் சில நாட்கள் ஆகுமாம், அம்மாவுக்கு முதல் தடவையே வந்துவிட்டது. பயிற்சி கொடுத்த பெண் ஆச்சரியப்பட்டாள். எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்த உதட்டை நான் அடுக்களை வாசலிலிருந்து எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன், ஈரப் பருத்திமாரை எரியவைக்க ஊதுகுழலோடு குனிந்திருந்த அதே உதடு. டாக்டர் முதலில் என்னிடம், வீட்டில் யாராவது புகை பிடிப்பீர்களா என்று கேட்டபோது, பீடியைத் தொட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு அவளிடம், எத்தனை வருடம் விறகடுப்பு என்று கேட்டார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "முப்பது இருக்கும்" என்றாள்.

1994இல் டீச்சர் வீட்டுக்கு கேஸ் வந்தபோதே அம்மா கேட்டாள். கையில் பணம் இருந்தது. அதை அந்த இரண்டு ஏக்கர் கரிசலுக்கு முன்பணமாகக் கொடுத்தேன். காட்டில் பருத்திமார் சும்மா கிடக்கும்போது காசு கொடுத்து எரிப்பார்களா என்றேன், விறகடுப்புச் சோற்று ருசி வராது என்றும் சொன்னேன். 2006இல்தான் இணைப்பு எடுத்தேன், அதுவும் நீ அடம்பிடித்து. அந்தப் பன்னிரண்டு வருடத்துக்கு உன் அம்மா இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாற்காலியை விட்டு அவளை எழவிடாமல் நான் ஓடி ஓடிச் செய்தது எதற்கு என்று உனக்கு இப்போது புரியலாம்.

மாலை ஐந்தரைக்கு அம்மா தெருவில் நடக்கிற நேரம், அப்போது கூப்பிடாதே. ஆறு மணிக்கு மேல் கூப்பிடு. போனை நான்தான் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா