கை காலை மடக்கி நீட்டுவதுதானே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், தசை, எலும்பு, மூட்டு வலிகளையும் மறுவாழ்வு சிகிச்சையையும் ஆராயும் ஒருவரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். எங்கள் பிசியோதெரபித் துறைக்கு உங்கள் பக்கங்களில் இடம் கிடைப்பதே அபூர்வம். ஆசையோடுதான் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது பத்தியில் இப்படி ஒரு வரி: "பிசியோதெரபியில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம், கை காலை மடக்கி நீட்டுவதுதானே!" ஆச்சரியக்குறி உட்பட அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். சரி, அடுத்த வரியில் பதில் வரும் என்று பார்த்தால், கட்டுரை அவருடைய பொழுதுபோக்குக்குத் தாவிவிட்டது. பறவைகளைப் படம் பிடிப்பாராம். மகிழ்ச்சி.

கேட்பது வாசகர் என்று அவர் தலையில் போட்டுவிட்டது கட்டுரை. எந்த வாசகரும் கேட்கவில்லை, கட்டுரையாளருக்குத்தான் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதனால்தான் அந்த வரி உங்கள் கண்ணைத் தாண்டி எப்படி அச்சுக்குப் போனது என்று புரியவில்லை.

முதுகு பிடித்துக்கொண்டால் அசையாமல் படு என்பதுதான் பல காலம் வைத்தியமாக இருந்தது. அதைக் கேள்வி கேட்டது ஆராய்ச்சிதான். 1986-இல் 203 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு 2 நாள் படுக்கை ஓய்வு, மற்றவர்களுக்கு 7 நாள். இரண்டு நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்கள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை, வேலைக்குப் போகாத நாட்கள் மட்டும் அவர்களுக்கு 45 சதவீதம் குறைவு. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் இன்னோர் ஆய்வு. ஒரு பிரிவினர் படுத்தார்கள், ஒரு பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தார்கள், மூன்றாவது பிரிவினர் வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்த்தார்கள். நன்றாகத் தேறியது மூன்றாவது பிரிவு. ஆம், அதில் எங்கள் பயிற்சியும்தான் தோற்றது. தன் கையில் இருக்கும் சிகிச்சையையே சோதனைக்கு வைத்து, தோற்றதையும் அச்சில் போடும் துறையில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்கிறீர்கள்.

இதற்கெல்லாம் வெகுகாலம் பிறகும், உங்கள் கேள்வி பதில் பகுதியில் சாதாரண இடுப்பு வலிக்கு மூன்று வாரம் படுக்கச் சொல்லியிருந்தார்கள். அப்போதும் எழுதினேன். என் கடிதத்திலிருந்து 'இதழின் வடிவமைப்பு கண்ணைக் கவர்கிறது' என்ற மரியாதை வரியை மட்டும் பெயர் போட்டு வெளியிட்டீர்கள். அதைப் பார்த்துவிட்டு என் நோயாளி ஒருவர் வாழ்த்துச் சொன்னார்.

அப்புறம் அந்தப் படம். முதுகு வலி என்றால் உங்கள் இதழில் எப்போதும் ஒரே படம்தான். எலும்புக்கூடு ஒன்று முதுகில் கை வைத்து நிற்கும், முதுகெலும்பு நெருப்பாகச் சிவந்திருக்கும். கீழே 'தேய்ந்த தட்டு' என்று கொட்டை எழுத்து. முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க்கைத்தான் தட்டு என்கிறார்கள். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை, 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதில் 37 சதவீதம் பேருக்குத் தட்டுத் தேய்மானம் தெரிகிறது, 80 வயதில் 96 சதவீதம். இவர்கள் வலி என்று யாரிடமும் போகாதவர்கள்! ஆனால் என் அறைக்கு வருகிறவர்கள் ஸ்கேன் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் தேய்மானம் என்ற சொல்லைப் படித்த நாளிலிருந்து பேத்தியைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். வலி போனது, பயம் போகவில்லை. குனிந்தால் தட்டு பிதுங்கி வெளியே வந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினார். அவரிடம் பேசிப் பேசி, முதலில் வெறும் பையைத் தூக்கவைத்து, பிறகு கனம் ஏற்றி, குழந்தை வரை கொண்டுவந்ததற்குப் பெயர்தான் கை காலை மடக்கி நீட்டுவது.

இதைப் படித்துவிட்டு எந்த வலியையும் அலட்சியப்படுத்த வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதுகு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலும், தொடை இடுக்கில் உணர்வு மரத்தாலும், கால் பலம் குறைந்துகொண்டே போனாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த மூன்றையும் உங்கள் முதுகு வலிச் சிறப்பிதழில் தேடினேன். குறுக்கெழுத்துக்கு அரைப் பக்கம் இருந்தது.

2002-இல் அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரிடம் ஓர் ஆய்வு. சிலருக்கு முழங்காலில் ஆர்த்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியாகக் கருவி விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை, செய்தார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு ஆண்டு பார்த்தும், கீறல் மட்டும் வாங்கியவர்களைவிட மற்றவர்கள் மேலாக இல்லை. இதற்காக, அறுவை சிகிச்சையில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது, வெட்டித் தைப்பதுதானே என்று உங்கள் இதழ் எழுதுமா? எழுதாது. எழுதவும் கூடாது.

போலி அறுவை சிகிச்சையாவது செய்யலாம். போலிப் பயிற்சி கொடுப்பது எப்படி? மாத்திரை ஆய்வில் மாவு மாத்திரை கொடுத்து ஏமாற்ற முடியும். எங்கள் ஆய்வில் உட்கார்ந்து எழுகிறவருக்குத் தான் உட்கார்ந்து எழுவது தெரியும், சொல்லிக்கொடுக்கிறவருக்கும் தெரியும். அளவிடுகிறவருக்கு மட்டுமாவது தெரியாமல் பார்த்துக்கொள்ளவே பாதி உழைப்பு போய்விடும். அடுத்து, அந்த ஆள் வீட்டில் செய்தாரா என்ற கேள்வி. நான் வேலை பார்த்த ஓர் ஆய்வில் பயிற்சிக் குறிப்பேடு கொடுத்திருந்தோம். காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து, ஒரே பேனாவால் மொத்த மாதத்துக்கும் டிக் அடித்துக்கொண்டிருந்தார் ஒருவர். அவர்மேல் கோபம் வரவில்லை. மனிதர்கள் ஏன் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள் என்பதும் ஆராய்ச்சிதான், உங்கள் கட்டுரையாளருக்குச் சொல்லுங்கள். குதிகால் நரம்பு என்று நம்மவர்கள் சொல்லும் தசைநாண் வலிக்கு 1998-இல் சுவீடனில் ஒரு முறை வந்தது. குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சி, நாளுக்கு 180 தடவை, 12 வாரம், வலித்தாலும் விடாமல். அத்தனை தடவை தேவைதானா என்று பிறகு வந்தவர்கள் கேட்டு, அதற்கும் ஆய்வு செய்தார்கள். எத்தனை தடவை, எவ்வளவு கனம், வலியோடு செய்யலாமா கூடாதா என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ சில வருடம் செலவழித்திருக்கிறார்கள்.

2020-இல் உலகில் இடுப்பு வலியோடு இருந்தவர்கள் சுமார் 61.9 கோடிப் பேர் என்றும், 2050-இல் அது 84.3 கோடியாகலாம் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதர்களை அதிக ஆண்டுகள் முடக்கிப்போடும் காரணங்களில் இதுதான் முதலிடம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. விளக்கிச் சொல்வது, பயிற்சி, மனநல வழி சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. இடுப்பு பெல்ட், இழுவை சிகிச்சை, ஒலியலையால் செய்யும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோல் வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்தும் டென்ஸ் இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கே கசந்தது. "இன்றைக்குக் கரண்ட் வைக்கவில்லையா?" என்று நோயாளி கேட்பார், பயிற்சிக்குத் தனியாக பில் போட முடியாதே என்று நான் முன்பு வேலை பார்த்த இடத்தின் முதலாளி சொல்வார். நடுவில் நாங்கள். இந்த நிலையில், அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே முழுப்பக்க பெல்ட் விளம்பரம் போட்டிருக்கிறீர்கள். விளம்பரப் பிரிவு வேறு, ஆசிரியர் பிரிவு வேறு என்பீர்கள். தெரியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மன்னிப்பும் வேண்டாம், மறுப்புக் கட்டுரையும் வேண்டாம். அந்த ஆராய்ச்சியாளர் எந்த வலியை, யாரிடம், எப்படி ஆராய்ந்தார், என்ன கண்டுபிடித்தார் என்று அடுத்த இதழில் நான்கு வரி போடுங்கள். இரண்டு பக்கக் கட்டுரையை இருமுறை படித்தும் எனக்கு அது கிடைக்கவில்லை. முடிந்தால் அந்தச் சிவப்பு எலும்புக்கூட்டுக்கு ஓய்வு கொடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்து, இடமில்லாமல் சுருக்க நேர்ந்தால், என் கோபத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற பத்தியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓர் இயன்முறை மருத்துவர்